வாடகை வீட்டுக்கு வந்த பிறகு: உங்கள் பெயர் எங்கெங்கே எழுதப்பட வேண்டும்?

இந்தியாவிலிருந்து திரும்பி வந்து, கண்டி நகரிலோ கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை, கம்பளை, வத்தேகம போன்ற இடங்களிலோ வாடகைக்கு வீடு எடுத்திருக்கும் குடும்பங்களுக்காக இந்தப் பாடம் எழுதப்படுகின்றது. குடும்பத்தில் ஒருவராவது இன்னும் இலங்கைப் பிரஜையாகப் பதியப்படாதவராகவோ வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவராகவோ இருந்தால் இதை இரண்டு தடவை வாசியுங்கள்.

வீட்டுச் சாவி கைக்கு வந்து, பாயையும் அடுப்பையும் உள்ளே வைத்துவிட்டால் குடியேறியாகிவிட்டது என்றுதான் நாம் நினைக்கின்றோம். அரசாங்க அலுவலகங்களின் கணக்கு வேறு. உங்கள் பகுதியின் கிராம உத்தியோகத்தருடைய பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறும் நாள்தான் அவர்களுக்கு நீங்கள் வந்த நாள். பிள்ளையின் பாடசாலை அனுமதி, அடையாள அட்டை, வாக்காளர் இடாப்பு, நிவாரண உதவி எல்லாமே அந்த நாளிலிருந்துதான் எண்ணப்படுகின்றன.

இதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் குடியேறிய ஒரு குடும்பம். தந்தை இலங்கையர், தாய் தமிழ்நாட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள். தாயின் விசா சம்பந்தமான வேலை முடியாமல் இருந்தது. “முதலில் விசாவைச் சரிசெய்துகொண்டு பிறகு எல்லோருமாக கிராம சேவகரிடம் போகலாம்” என்று அவர்களுக்குச் சொன்னது நான்தான். அது பிழையான ஆலோசனை. விசா வேலை இழுத்துக்கொண்டே போய்ப் பதினொரு மாதம் கடந்தது. பாடசாலையில் வதிவிட அத்தாட்சி கேட்டபோதுதான் அலுவலகத்துக்குப் போனார்கள். அதிகாரி நல்ல மனிதர். ஆனாலும் அவர்கள் தன்னிடம் வந்த திகதியைத்தான் அவரால் எழுத முடிந்தது. மின்பட்டியல் வீட்டுக்காரரின் பெயரில், தண்ணீர்ப் பட்டியலும் அப்படியே. அந்தப் பதினொரு மாதமும் அவர்கள் அங்கே இருந்தார்கள் என்று காட்டுவதற்கு ஒரு தாள்கூட இல்லை. அந்த ஆண்டின் வாக்காளர் இடாப்புத் திருத்தமும் கடந்துவிட்டது. தந்தைக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. அவர் முதல் வாரமே போய்த் தன் பெயரை எழுதியிருக்கலாம்.

ஆகவே குடும்பத்தில் ஒருவருடைய தாள் சரியாகும் வரை மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டாம். போகக்கூடியவர் முதலில் போகவேண்டும்.

பெயர் எழுதப் பயப்படுவது ஏன்?

தயக்கத்துக்குக் காரணம் சோம்பல் அல்ல என்பதை நாங்கள் அறிவோம். தமிழ்நாட்டு முகாமில் இருந்தவர்களுக்குப் பெயர் எழுதுவது என்றால் ஆள் கணக்கெடுப்பு, கியூ பிரிவுப் பொலிசாரின் விசாரணை. முகாமுக்கு வெளியே இருந்தவர்கள் பொலிஸ் நிலையத்தில்தான் பதிவு செய்திருக்க வேண்டும். ஊரிலேயே இருந்த மூத்தவர்களுக்கு வேறு நினைவுகள் உண்டு. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரத்துக்கு வெளியே அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது, பிரதமரும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். என்றாலும் “ஏன் இங்கே தங்கியிருக்கிறீர்கள்?” என்ற கேள்வியைக் கேட்டவர்கள் அதை எளிதில் மறக்கமாட்டார்கள்.

இந்தப் பயத்தை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இங்கே இரண்டு வெவ்வேறு பதிவுகள் உள்ளன, அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கிராம உத்தியோகத்தரின் பதிவு நீங்கள் உரிமைகளைப் பெறுவதற்கானது. பொலிஸ் பட்டியல் வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

கிராம உத்தியோகத்தர்

பழைய விதானைமார் முறை ஒழிக்கப்பட்டு 1963இல் கிராம சேவகர் பதவி ஏற்படுத்தப்பட்டது. இன்று உத்தியோகபூர்வப் பெயர் கிராம உத்தியோகத்தர். சிங்களத்தில் ‘கிராம நிலதாரி’. பேச்சில் இன்னமும் ஜீ.எஸ். என்றே சொல்கிறோம். யாரிடம் கேட்டாலும் அந்தப் பெயர் விளங்கும்.

முதலில் உங்கள் வீடு எந்தப் பிரிவுக்குள் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இங்கே பலர் ஒரு நாளை வீணாக்குகிறார்கள். கண்டி மாநகர சபைக்குப் போய் வதிவிடச் சான்றிதழ் கேட்டால் கிடைக்காது. மாநகர சபை வீட்டுக்கு இலக்கம் கொடுக்கும், வரி அறவிடும். வீட்டில் இருக்கும் ஆட்களைப் பற்றி உறுதிப்படுத்துவது கிராம உத்தியோகத்தர். அவருக்கு மேலே இருப்பது பிரதேச செயலகம். கண்டி நகரம் கங்கவட கோரளைப் பிரதேச செயலகத்தின் கீழ் வருகின்றது. பேராதனைப் பக்கம் போனால் யட்டிநுவர, உடுநுவர எல்லைகள் நெருங்கி வரும். கம்பளை உடபலாத்த. நாவலப்பிட்டி பஸ்பாகே கோரளை. கண்டி மாவட்டத்தில் இப்படி 20 பிரதேச செயலகங்கள் உள்ளன. பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு பிரிவு, அந்தப் பக்கம் இன்னொன்று என்றும் இருக்கும். பக்கத்து வீட்டாரிடம் அவர்களுடைய ஜீ.எஸ். யார் என்று கேட்பதுதான் குறுக்கு வழி.

கிராம உத்தியோகத்தர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்கமாட்டார். களப்பணிக்கும் செயலகக் கூட்டத்துக்கும் போகவேண்டும். அலுவலகக் கதவில் நாட்களும் நேரமும் ஒட்டப்பட்டிருக்கும். அதைத் தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போகும்போது கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை இருப்பவர்களுடையது, எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ்கள், விவாகச் சான்றிதழ், நீங்கள் திரும்பி வந்ததைக் காட்டும் ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர் ஸ்தானிகராலயத்தின் கடிதம் அல்லது பயண ஆவணம், வீட்டுக்காரரின் கடிதம். இலங்கைக்குள்ளேயே இன்னொரு ஊரில் இருந்துவிட்டு வந்தவர்கள் பழைய பிரிவின் கிராம உத்தியோகத்தரிடம் கடிதம் வாங்கி வருவது நல்லது. இரண்டு இடத்தில் பெயர் இருந்தால் பின்னால் சிக்கல். மூலப் பிரதிகளைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். கொடுப்பது போட்டோகொப்பி.

“நிரந்தர விலாசம் என்ன?” என்று கேட்பார்கள். பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள். உங்களில் அநேகருடைய கதை இப்படி இருக்கும்: தாத்தா தெல்தோட்டையிலோ புசல்லாவையிலோ தோட்டத் தொழிலாளி. 1977க்கும் 1983க்கும் இடையில் நடந்த வன்செயல்களில் ஏதோ ஒன்றுக்குப் பிறகு குடும்பம் வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ போனது. அங்கே காடு வெட்டி ஒரு காணி. யுத்தம் அங்கேயும் வந்தபோது படகேறி மண்டபம் முகாம். பிள்ளைகள் பிறந்தது திருச்சியிலோ கும்மிடிப்பூண்டியிலோ. இப்போது கண்டியில் வாடகை அறை. இதில் எது நிரந்தரம்? பதில் எளிது. இப்போது நீங்கள் இரவில் படுத்துறங்கும் வீடுதான் உங்கள் வதிவிடம். வன்னிக் காணியை விட்டுக்கொடுப்பதாக இதற்கு அர்த்தம் இல்லை. காணி உரிமையும் வதிவிடமும் இரண்டு விடயங்கள். தாத்தாவின் தோட்டத்துப் பெயரைப் பூர்வீகம் என்ற இடத்தில் சொல்லுங்கள், வதிவிடம் என்ற இடத்தில் சொல்லாதீர்கள்.

பதிந்த உடனேயே வதிவிடச் சான்றிதழ் கேட்டால் சில அதிகாரிகள் கொஞ்ச மாதம் போகட்டும் என்பார்கள். நன்னடத்தையையும் சேர்த்து உறுதிப்படுத்தும் படிவம் என்பதால் ஆளைத் தெரியாமல் கையொப்பமிடத் தயங்குவது நியாயம்தான். சான்றிதழ் பிறகு வரட்டும், பதிவேட்டில் பெயரும் வந்த திகதியும் இன்றைக்கே எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள். சான்றிதழ் கிடைத்ததும் அதைப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் செய்விக்க வேண்டியிருக்கும்.

லயத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்களுக்கு ஒரு சொல். பல தோட்டங்களில் லய அறைகளுக்குத் தனி இலக்கம் இல்லை, கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கே வருகின்றன. அங்கே வீட்டுக்காரர் கடிதத்துக்குப் பதிலாக உறவினரின் கடிதத்தையும் தோட்ட நிர்வாகத்தின் உறுதிப்படுத்தலையும் கேட்கலாம்.

வீட்டுக்காரரின் கடிதம்

முழு வேலையும் நின்றுபோவது பெரும்பாலும் இந்த ஒரு கடிதத்தில்தான். ஜேர்மனியில் இருக்கும் உங்கள் உறவினரைக் கேட்டுப் பாருங்கள். அங்கே வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். 2015 நவம்பர் முதல் வீட்டுக்காரர் அதற்கான உறுதிப்படுத்தலைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது சட்டம். இங்கே நாம் கேட்டுத்தான் வாங்கவேண்டும்.

வீட்டுக்காரர் ஏன் தயங்குகிறார்? 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக்கு இருப்பவரை எளிதில் எழுப்ப முடியாதபடி பாதுகாப்பளித்தது. “வாடகைக்கு விட்டால் வீடு போய்விடும்” என்ற பயம் அந்தக் காலத்திலிருந்து பல குடும்பங்களில் இருக்கின்றது. வதிவிடத்தை உறுதிப்படுத்தும் கடிதம் யாருக்கும் வீட்டில் உரிமை கொடுக்காது. அதைக் கடிதத்திலேயே எழுதிவிட்டால் அவருடைய மனம் ஆறும். பின்வரும் மாதிரியை நீங்களே சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக்கொண்டு போய்க் கையொப்பத்துக்கு மட்டும் கேளுங்கள்:

“கிராம உத்தியோகத்தர் அவர்கட்கு, ........... இலக்க விலாசத்திலுள்ள வீட்டின் உரிமையாளராகிய நான், கீழே பெயர் குறிப்பிடப்பட்டவர்கள் ........... ஆம் திகதி முதல் இவ்வீட்டில் வாடகைக்கு வசித்து வருகின்றனர் என்பதை உறுதிப்படுத்துகின்றேன். இக்கடிதம் வதிவிடத்தை உறுதிப்படுத்துவதற்காக மாத்திரம் வழங்கப்படுகின்றது. வீட்டின் உரிமை தொடர்பான எந்தக் கோரிக்கைக்கும் இது ஆதாரமாகாது.”

கீழே உரிமையாளரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம், திகதி. வெளிநாட்டுப் பிரஜை ஒருவர் இருந்தால் அவர் பெயரையும் மறைக்காமல் எழுதுங்கள்.

ஒப்பந்தம் பற்றியும் ஒரு குறிப்பு. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை சட்டப்படி செல்லுபடியாக வேண்டுமானால் அது நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். 1840ஆம் ஆண்டிலிருந்து இருந்துவரும் சட்டம் இது. முத்திரை ஒட்டிய தாளில் வீட்டுக்காரரும் நீங்களும் மட்டும் கையொப்பமிட்டது போதாது. நொத்தாரிசு ஒப்பந்தம் இருந்தால் வீட்டுக்காரரின் தனிக் கடிதம் இல்லாமலே பல இடங்களில் வேலை நடக்கும். செலவு கொஞ்சம் கூடத்தான். அட்வான்ஸ் பேசும்போதே அதை யார் கொடுப்பது என்று பேசிக்கொள்ளுங்கள்.

பொலிஸ் பட்டியல்

1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவின் கீழ், வீட்டில் வசிப்பவர்களின் பட்டியலைத் தரும்படி பொலிசார் வீட்டுத் தலைவரிடம் கேட்கலாம். கேட்கும்போது கொடுக்கும் கடமை வீட்டில் குடியிருக்கும் தலைவருக்கு உண்டு. அதாவது வேறு ஊரில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் அல்ல, நீங்களே அதை நிரப்ப வேண்டியிருக்கலாம். படிவம் வந்தால் உண்மையை எழுதி, ஒரு பிரதி வைத்துக்கொண்டு கொடுங்கள். யார் வாங்கினார், எந்த நிலையம், எந்தத் திகதி என்பதைப் பிரதியின் பின்புறத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பொலிசுக்குக் கொடுத்த பட்டியல் கிராம உத்தியோகத்தரின் பதிவுக்கு ஈடாகாது. “பொலிசில் எழுதியாச்சே” என்று இருந்துவிடாதீர்கள்.

வாக்காளர் இடாப்பு

1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின்படி இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகின்றது. வீட்டுக்கு வரும் படிவத்தைப் பொதுவாக பீ.சி. படிவம் என்பார்கள். வாடகை வீட்டில் இருப்பதால் பெயர் சேர்க்க முடியாது என்று யாராவது சொன்னால் அது சரியல்ல. சாதாரணமாக அங்கே வசிக்கும் இலங்கைப் பிரஜையாக இருப்பதே தேவை, சொந்த வீடு தேவையில்லை. முதலாம் தர அனுமதியின்போது பெற்றோரின் பெயர் அந்த விலாசத்தில் எத்தனை ஆண்டு இடாப்பில் இருந்தது என்பதற்குப் புள்ளி கொடுக்கிறார்கள். கைக்குழந்தை உள்ளவர்கள் இன்றைக்கே யோசிக்க வேண்டியது இதனால்தான்.

பிரஜை அல்லாத ஒருவருடைய பெயரை அந்தப் படிவத்தில் சேர்க்கக் கூடாது. “பெண்சாதிதானே, எழுதிவிடுவோம்” என்று எழுதினால் அது பொய்ப் பிரகடனம். அவருடைய விசா விண்ணப்பத்துக்கே பாதகமாக முடியலாம்.

பிரஜையாகப் பதியப்படாத பிள்ளைகள், வெளிநாட்டுத் துணைவர்

இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு இந்தியப் பிறப்புச் சான்றிதழ் இருக்கின்றது என்பதால் அது இந்தியப் பிரஜை ஆகிவிடாது, இலங்கைப் பிரஜையும் ஆகிவிடாது. அந்தத் தாள் பிறந்ததை மட்டும் சொல்கின்றது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ், வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பு இலங்கைத் தூதரகத்திலோ இங்கே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலோ பதியப்பட்ட பின்னரே வம்சாவளிப் பிரஜாவுரிமை உறுதியாகின்றது. ஓராண்டுக்குள் பதியவேண்டும் என்று சட்டம் சொன்னாலும், தக்க காரணம் காட்டினால் பிந்தியும் பதியலாம். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தாய் மட்டும் இலங்கையராக இருந்தாலும் போதும். சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் ஏற்கெனவே பதிந்து சான்றிதழ் வாங்கி வந்தவர்கள் அதைப் பத்திரப்படுத்துங்கள். தங்கம் தொலைந்தாலும் அது தொலையக் கூடாது.

15 வயது பூர்த்தியான பிள்ளைக்கு அடையாள அட்டை எடுக்க வேண்டும். அது இல்லாமல் சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் சங்கடப்பட நேரிடும். பிரஜாவுரிமைப் பதிவு, பிறகு அடையாள அட்டை என்ற வரிசை மாறாது. ஆகவே 13, 14 வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகள் அவசரப்பட வேண்டிய வீடுகள்.

மலையக வம்சாவளியினரில் தங்கள் பெற்றோருக்கே பிரஜாவுரிமைத் தாள் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களது சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. அகதிகளாக இந்தியாவுக்குப் போயிருந்தவர்களையும் உள்ளடக்கும்படி அது 2009இல் திருத்தப்பட்டது. தாத்தா பாட்டியின் தோட்டப் பதிவு, பழைய பிறப்புப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு, எதுவும் உதவும். இந்த வகைக்குள் வருபவர்கள் தனியாகப் போவதற்கு முன் எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டுடன் வந்திருக்கும் மனைவி அல்லது கணவர் வெளிநாட்டுப் பிரஜைதான். இங்கே பிறந்த ஒருவரை மணந்திருப்பதால் மட்டும் அது மாறாது. விசா முடியும் திகதிக்கு முன்பே, இலங்கையரின் துணைவர் என்ற முறையில் வதிவிட விசாவுக்குக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் விண்ணப்பிக்க வேண்டும். திகதி தாண்டிய பிறகு போனால் தண்டப்பணமும் கேள்விகளும் கூடும். ஏற்கெனவே தாண்டிவிட்டதென்றால் ஒளிந்திருக்க வேண்டாம், எங்களிடம் சொல்லுங்கள், துணைக்கு ஆள் அனுப்புவோம். கடவுச்சீட்டைப் புதுப்பிக்கக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, கண்டியிலேயே இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் உண்டு. கிராம உத்தியோகத்தரிடம் அவருடைய பெயரை, வெளிநாட்டுப் பிரஜை என்ற குறிப்புடனும் கடவுச்சீட்டு இலக்கம், விசாத் திகதியுடனும் எழுதச் சொல்லுங்கள். விசா விண்ணப்பத்தின்போது கணவன் மனைவி ஒரே விலாசத்தில் வசிக்கிறார்கள் என்று காட்ட அது உதவும்.

பேசவேண்டிய சில வசனங்கள்

தமிழில் விண்ணப்பிக்கவும் பதில் பெறவும் உங்களுக்கு அரசியலமைப்பு உரிமை தந்திருக்கின்றது. அதைக் கேளுங்கள். ஆனால் கதவைத் தட்டும்போது இரண்டு வசனம் சிங்களத்தில் சொன்னால் பேச்சு இலகுவாகத் தொடங்கும். “மாத்தயா, அபி அலுத்தென் பதிஞ்சியட்ட ஆவா” என்றால் நாங்கள் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். “குலியட்ட இன்னவா”, வாடகைக்கு இருக்கிறோம். “பதிஞ்சி சஹதிகய” வதிவிடச் சான்றிதழ். பெண் அதிகாரி என்றால் மாத்தயா வேண்டாம், மிஸ் என்று சொல்லுங்கள். விளங்காத படிவத்தில் அங்கேயே கையொப்பமிட வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பி வருவதாகச் சொன்னால் தடுக்கமாட்டார்கள். எந்த அலுவலகத்துக்கு எதைக் கொண்டுபோவது என்று சந்தேகம் வந்தால் 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலைய இலக்கத்துக்கு அழைத்துத் தமிழில் கேட்கலாம்.

வீடு மாறினால்

வாடகை வீடு நிலையில்லாதது. கண்டியில் ஆறு மாதத்தில் மூன்று வீடு மாறிய குடும்பங்களும் எங்கள் பட்டியலில் உண்டு. மாறும்போது பழைய கிராம உத்தியோகத்தரிடம் எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை அங்கே இருந்தீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு புறப்படுங்கள். லொறி வந்து நிற்கும் அன்றைக்கு இதற்கு நேரம் கிடைக்காது, முந்தின வாரமே போங்கள். அந்தக் கடிதத்தையும், புதிய வீட்டுக்காரர் கையொப்பமிட்ட கடிதத்தையும், பழைய பொலிஸ் பட்டியலின் பிரதியையும் ஒரே கோப்பில் போட்டு, மழைத்தண்ணீர் படாத இடத்தில் வையுங்கள்.